பேனாவால் மட்டும் எழுதிய ஃபாரங்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியர். வெள்ளைக்காரர். மேசைக்கு அந்தப் பக்கம், கையில் சிவப்புப் பென்சில்.

மிஸ். டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த தமிழ்ப் பெண். இங்கேயே பிறந்தவர். வயது இருபத்தெட்டு இருக்கும்.

டைப்பிஸ்ட் பாய். தமிழ் முஸ்லிம், கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். மிஸ்ஸின் ஆய்வேட்டை நாலு கார்பன் வைத்து அடித்துக்கொண்டிருந்தவர்.

நான். துறையின் பியூன். கதவோரம், தேத்தண்ணித் தட்டோடு.

வேறு யாரும் இல்லை.

நீங்கள் அடுத்த வாரம் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். நானும் பல வருடம் அந்த வேலை செய்தேன், யார் யாருடைய ஆய்வுக்காகவோ. புதுப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நீளமாக எழுத வராது. ஒன்றே ஒன்று எழுதுகிறேன். அதுவும் எனக்கே இன்னும் முழுசாகப் புரியாத ஒன்று.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. மிஸ்ஸின் கேள்வி சின்னது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கூலி வேலை செய்கிற ஆண்கள் ஊருக்குத் திரும்பிப் போவார்களா, இங்கேயே தங்கிவிடுவார்களா? அப்போது எங்கே பார்த்தாலும் குடியுரிமைப் பேச்சுதான். பதிந்துகொள்வதா வேண்டாமா என்று சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக் கடைகளில் சண்டையே நடக்கும்.

அந்த ஆட்கள் இருந்தது லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில். ஒரு அறைக்கு எட்டு, பத்து பேர். ஒருத்தன் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருத்தன் வந்து அதே பலகையில் படுப்பான். அங்கே ஒரு பெண் போய் உட்கார்ந்து கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் எவனும் வாயைத் திறக்க மாட்டான். நான் அந்த லயத்தில் எட்டு வருடம் இருந்தவன். என்னை எல்லாருக்கும் தெரியும். என்னையே அனுப்பலாம் என்றதும் பேராசிரியர் சரி என்றார். தினமும் மூன்று மணிக்கு மேல் என்னை விட்டார்கள்.

மொத்தம் முந்நூறு ஃபாரம். மிஸ் தமிழில் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்தது. வயது, வந்த வருடம், ஊரில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது போனார். முடிவில் ஒரு கேள்வி: ஊருக்குத் திரும்பிப் போவீர்களா? அதன் பக்கத்தில் இரண்டு கட்டம். போவேன். போகமாட்டேன். அதற்குக் கீழே, அந்த ஆள் சொல்வதை அப்படியே எழுத நாலு வரி இடம்.

முதல் நாளே மிஸ் சொல்லியிருந்தார்.

"அண்ணே, கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாது. காலியா இருந்தா அந்த ஃபாரம் செல்லாது."

நான் தலையாட்டினேன்.

எட்டு மாதத்தில் முந்நூறும் நிரப்பிக் கொடுத்தேன். அதை வைத்து மிஸ் ஒன்றரை வருடம் எழுதினார். ஏடு முடியப் போகிறது. இன்னும் ஆறு வாரத்தில் கொடுத்தாக வேண்டும். அன்றோடு அவருடைய உதவித்தொகையும் முடிகிறது. அவரை நம்பி அம்மா, படிக்கிற தம்பிகள் இரண்டு பேர், குவீன்ஸ்டவுனில் வாடகை வீடு. பட்டம் கைக்கு வந்தால் அதே துறையில் ஒரு வேலை காலியாக இருந்தது. வராவிட்டால் மூன்று வருடம் வீண்.

அந்த அறைக்கு வருகிறேன்.

பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். படித்துவிட்டுச் சிரித்தார். மறுபடி படித்தார். அது ஒரு கூலி ஆள் சொன்னதாக மிஸ் இங்கிலீஷில் மாற்றி, அந்த அத்தியாயத்துக்கே தலைப்பில் போட்டிருந்த வாக்கியம். தமிழில் ஃபாரத்தில் இருந்தது இது:

"வருசா வருசம் பெட்டியக் கட்டுறேன். கட்டி முடிச்சதும் பசி எடுத்துடுது. சாப்பிட்டு வந்து அவுத்து வச்சுடுறேன்."

இந்த முந்நூறு பக்கத்தில் இதுதான் நல்ல வரி, இந்த ஆளை நான் பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

மிஸ் முகத்தில் சந்தோஷம். ஃபாரத்தைத் தேடி எடுத்துப் பெயரைப் பார்த்தார். கால்வாய் வெட்டுகிற கோஷ்டியில் ஓர் ஆள்.

"அண்ணே, நாளைக்கு இவரக் கூட்டிட்டு வர முடியுமா? சார் பாக்கணுமாம்."

"முடியாது மிஸ்."

"ஏன், ஷிப்டா? நாளன்னிக்கு வரட்டும் லா, பரவால்ல."

"அவரு அப்படிச் சொல்லல மிஸ்."

"பின்ன யாரு சொன்னா?"

"நான் எழுதினது."

தட்டு கனத்தது. கீழே வைக்க இடம் தெரியவில்லை.

டைப்பிஸ்ட் பாய்தான் முதலில் பேசினார். "ஏம்ப்பா, நாலு கார்பன் வச்சு அந்தப் பக்கத்த மூணு தரம் அடிச்சிருக்கேன். ஒவ்வொரு தரமும் அந்த ஆள நெனச்சு மனசு கலங்கினேன். அது நீயா?"

"ஆமா பாய்."

மிஸ் கேட்டார். "இது ஒண்ணுதானா?"

"இல்ல."

"எத்தன ஃபாரம்?"

"எண்ணல மிஸ்."

நடந்தது இதுதான். கேட்கப் போகும்போது சில ஆட்கள் இருக்க மாட்டார்கள். இரண்டாம் தரம் போவேன். இருக்க மாட்டார்கள். மூன்றாம் தரம் போனால் தூங்குவார்கள். வேலை முடிந்து வந்து படுத்தவனை எழுப்ப எனக்கு மனசு வராது. பக்கத்துப் பலகைக்காரன் சொல்வான், "அவனுக்கும் நானே சொல்றேன் எழுதிக்க, எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு." எழுதிக்கொள்வேன். லயத்தில் அப்படித்தான். ஊருக்குக் கடிதம் எழுதுவதும் ஒருத்தனுக்காக இன்னொருத்தன்தான். பக்கத்துப் பலகைக்காரனும் இல்லாவிட்டால் நான் கோப்பிக் கடையில் உட்கார்ந்து நானே எழுதிவிடுவேன். அந்த ஆளை எனக்குத் தெரியும். எந்த ஊர், எந்தக் கப்பல், என்ன சாப்பிடுவான், எல்லாம் தெரியும். நம்ம ஆள்தானே, அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாதா?

அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. வேலையை முடித்துக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். மிஸ் அப்போது தினமும் என் முகத்தையே பார்ப்பார். "இன்னைக்கு எத்தனண்ணே?" என்பார். ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மிஸ் எல்லாவற்றையும் இங்கிலீஷில் பேராசிரியரிடம் சொன்னார். இத்தனை நாளும் நான் ஆட்கள் சொன்னதை மிஸ்ஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது அவர் நான் சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கை ஃபாரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பேராசிரியர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். மிஸ் எனக்குச் சொன்னார்.

"அந்த ஆளு பெட்டி கட்டலைன்னா, யாரு கட்டுறதுன்னு கேக்குறாரு."

"நான்தான் மிஸ்."

பேராசிரியர் மேசை டிராயரைத் திறந்தார். வெறும் ஃபாரம் ஒன்றை எடுத்து மிஸ்ஸிடம் நீட்டினார். என்னைக் காட்டினார். கேள் என்றார்.

நான் தட்டை அலமாரி மேல் வைத்தேன். மிஸ் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"வயசு?"

"முப்பத்தாறு."

"வந்த வருசம்?"

சொன்னேன். ஊரில் யார் யார் என்று சொன்னேன். எல்லாம் சரசரவென்று வந்தது. நான் பல பேரிடம் கேட்ட கேள்விகள்தானே.

"ஊருக்குத் திரும்பிப் போவீங்களா?"

வாயில் பதில் வரவில்லை.

"அண்ணே?"

"ரெண்டு கட்டத்திலயும் போட முடியாதா மிஸ்?"

"முடியாது."

"அப்ப வெறுமனே விடுங்க."

"வெறுமனே விட்டா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு அப்போது தோன்றிய கேள்வி எனக்கும் தெரிந்தது. வேண்டாம் என்று இருந்தது. கேட்டேவிட்டார்.

"நீங்க நேரா கேட்ட ஆளுங்க, அவங்களும் இப்படி நின்னாங்களா?"

"நின்னாங்க மிஸ்."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா, சீக்கிரம்னு சொல்லுவேன். ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாங்க."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப நான் அடிச்சது பூரா காத்துல போச்சா?" என்றார்.

மறுநாள் நானும் மிஸ்ஸும் முந்நூறு ஃபாரத்தையும் தரையில் பரப்பினோம். எதெல்லாம் நானாக எழுதியது என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்.

"இது?"

படித்தேன். தெரியவில்லை. அந்த ஆள் சொன்னது மாதிரியே இருந்தது. நான் எழுதியது மாதிரியும் இருந்தது.

"இது?"

"தெரியல மிஸ்."

"நீங்க எழுதினது உங்களுக்கே தெரியலையா?"

தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம் அதில்தான். பொய் எழுதினவனுக்குத் தன் பொய் அடையாளம் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் அது பொய்தானா?

பத்துப் பதினைந்து ஃபாரம் பார்த்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. லயத்தில் நின்றுகொண்டேதான் எழுதுவேன், அட்டை மேல் வைத்து, பென்சிலால். மறுநாள் காலையில் துறைக்கு வந்து அதன் மேலேயே பேனாவால் எழுதுவேன். மிஸ் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. கோப்பிக் கடையில் மேசை உண்டு. அங்கே நேராகப் பேனாதான்.

ஜன்னலில் வைத்துப் பார்த்தோம். வெளிச்சத்தில் சில ஃபாரங்களில் மைக்கு அடியில் பென்சில் தடம் தெரிந்தது. சிலவற்றில் மை மட்டும்.

மை மட்டும் இருந்தவற்றை மிஸ் தனியாக அடுக்கினார். அடுக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது.

அன்று சாயங்காலம் பேராசிரியர் இரண்டு வழி சொன்னார். பாய் எனக்கு விளக்கினார். ஒன்று, பேனா ஃபாரங்களை எடுத்துப் போட்டுவிடலாம். எடுத்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம். மீதியே போதும். எண்களை மாற்றி, அந்த அத்தியாயத்துக்கு வேறு தலைப்பு வைத்து ஆறு வாரத்தில் கொடுத்துவிடலாம். அதில் தப்பு இல்லை. பட்டம் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். இன்னொன்று, எல்லாவற்றையும் திரும்பக் கேட்பது. அதற்குப் பணமும் இல்லை, தவணையும் இல்லை. தவணை மட்டும் அவர் கேட்டு வாங்கித் தரலாம். துறையில் காலியாக இருக்கிற அந்த வேலைக்கு அவர் பொறுப்பு ஏற்க முடியாது.

உன் பெயர் போடுகிற ஏடு, நீயே சொல் என்றார்.

நீங்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். மிஸ்ஸுக்கு யோசிக்க ஓர் இரவுதான். வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அம்மா அழுவார். இரண்டாவது வழியில் எப்படிப் போவது என்று சொல்லித்தந்தவர் யாரும் இல்லை. அவர் படித்த ஏடுகள் எதிலும் கேள்வியை எடுத்துப்போன ஆள் இருக்க மாட்டான். பதில் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். எண் வரும், அட்டவணை வரும், முடிவு வரும்.

காலையில் வந்தார். கண் வீங்கியிருந்தது.

"முதல் வழிதான் மிஸ்," என்றேன். கேட்காமலே சொன்னேன். "எடுத்துப் போட்டுருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நேத்து உங்க ஃபாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேண்ணே," என்றார். "முந்நூத்தி ஒண்ணுல அது ஒண்ணுதான் ஒழுங்கா கேட்டு எழுதினது. அதுல கட்டம் காலி."

"அது செல்லாதே மிஸ்."

"அதத்தான் எழுதப் போறேன்."

எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன். இத்தனை நாள் அவர் ஏட்டில் கேட்டது, ஆட்கள் போவார்களா மாட்டார்களா என்று. இனி கேட்கப் போவது, யாரைக் கேட்டோம், யார் பதில் சொன்னது, யார் யாருக்காகச் சொன்னது, ஏன் சொல்ல முடியாமல் நின்றான். நான் செய்ததும் அதில் வரும். பெயர் வராது.

"ஏட்டில நான் வர்றதா? அது படிப்பு இல்லையே மிஸ், பஞ்சாயத்து மாதிரி இருக்கே."

முதல் தடவையாகச் சிரித்தார்.

பாய் கார்பன் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அடிக்கிறேன்மா. ஆனா இந்தத் தரம் இவன உருக்கமா ஒண்ணும் எழுத விடாதீங்க."

உதவித்தொகை முடிந்தது. மிஸ் பள்ளிக்கூட வேலைக்குப் போனார். காலை நேரப் பள்ளி. மதியம் சாப்பிட்டுவிட்டு நேராக லயம். உள்ளே போகவில்லை. வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் ஒரு பெஞ்சு. நான் ஆளைக் கூட்டி வர வேண்டும். அவர் கேட்பார். என் வாய் திறக்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு. புது ஃபாரத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று. தெரியாது.

பெண் உட்கார்ந்து கேட்டால் பேச மாட்டார்கள் என்று நான் சொன்னேனே. முதல் வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினார்கள். வரிசையில் நின்றார்கள். அதுவும் எனக்குத் தெரியாத சங்கதி.

ஒரு நாள் ஒருத்தரைக் கூட்டி வந்தேன். மிஸ் கேட்க ஆரம்பிக்குமுன் அவர் பலகைக்கூட்டாளி குறுக்கே வந்தான்.

"அவனுக்கு நான் சொல்றேம்மா, எழுதிக்கங்க."

"அவரே சொல்லட்டும்."

"அவன் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? ஒரே சட்டியில சாப்புடுறோம்."

"சாப்பாட்டப் பத்திக் கேட்டா உங்களையே கேக்கறேன். தள்ளி நில்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் தள்ளி நின்றான். ஆனால் காது இங்கேயே இருந்தது. நான் கூட்டி வந்தவர் சொன்ன பதிலைக் கேட்டு அவன் முகம் மாறியது. "இத எங்கிட்ட நீ சொன்னதே இல்லையேடா," என்றான். பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவன்.

கால்வாய் வெட்டுகிற அந்த ஆள். பெட்டி வாக்கியத்தை நான் யார் பெயரில் எழுதினேனோ அவர். சுவா சூ காங் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குக் காவலுக்குப் போய்விட்டிருந்தார். பஸ் மாறிப் போய்ப் பார்த்தோம். நான் அவர் ஃபாரத்தில் மனைவி ஊரில், போவேன் என்று எழுதியிருந்தேன். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். ஒரே கப்பலில் வந்தவர்கள்.

"ஊர்ல யார் யார் இருக்காங்க?" என்று மிஸ் கேட்டார்.

"யாருமில்லம்மா. வீட்டுக்காரி போய்ச் சேந்து நாலு வருசம்."

நான் ஏற்பாட்டை மறந்துவிட்டேன். "என்னண்ணே சொல்றே? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"நீ கேக்கவே இல்லையேப்பா. வாரா வாரம் வந்த. சாப்டியா, தண்ணி வந்துச்சான்னு கேட்ட. இதக் கேக்கல."

மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கடைசிக் கேள்வியையும் கேட்டார். அவர் மூன்றாவது கட்டத்தைக் கையால் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் கட்டம் எது என்று மிஸ் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது உங்களுக்கு உதவுமா தெரியாது. பென்சில் தடம் இருந்த ஃபாரங்களையும் திரும்பக் கேட்டோமே, அதில் பக்கத்து ஆள் சொன்னது போக மீதிப் பேர் நேராகத் தங்கள் வாயால் சொன்னவர்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் பதிலை மாற்றினார்கள். முன்பு சொன்னது பொய்யா என்றால் இல்லை என்றார்கள். இப்போது சொல்வது நிஜமா என்றால் அதற்கும் ஆமாம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. உட்லண்ட்ஸில் ஒருத்தர், அக்கரைக்குப் போகிற கடற்பாலத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தவர், மிஸ்ஸிடம் சொன்னார்: "நீங்க செவ்வாக்கெழம கேட்டா ஒண்ணு சொல்லுவேன்மா, சம்பளத்தன்னைக்குக் கேட்டா ஒண்ணு சொல்லுவேன். எதுல வேணுமோ அதுல போட்டுக்கங்க." மிஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எந்தக் கட்டத்திலும் போடவில்லை.

ஏடு முடிய இன்னும் பதினொரு மாதம் ஆனது. துறையில் இருந்த வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். பரீட்சகர்களில் ஒருவர், இது ஆய்வா கதையா என்று கேட்டு எழுதியிருந்தாராம். இன்னொருவர் பாராட்டினாராம். பட்டம் வந்தது. மிஸ் காலை நேரப் பள்ளியிலேயே மேலும் சில வருடம் இருந்தார். முதல் வழியில் போயிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு, அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் இல்லை. இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். நல்லது செய்தோமா கெடுத்தோமா என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸிடம் ஒரு தரம் கேட்டேன். "மூணாவது கட்டத்துல போடுங்கண்ணே," என்றார்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பேராசிரியர் அதற்கப்புறம் வந்த ஆய்வு மாணவர்களையெல்லாம் முதலில் என்னிடம்தான் அனுப்பினார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆள் இல்லை என்றால் ஆள் இல்லை என்று எழுதுங்கள். பக்கத்து ஆள் சொன்னால் பக்கத்து ஆள் சொன்னது என்று எழுதுங்கள். சொல்லாமல் நின்றால், நின்றார் என்று எழுதுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். அதிகம் தெரிந்தவரிடம் போகும்போது அதிகம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று தோன்றுகிற இடத்தில் பேனாவை மூடி வையுங்கள்.

ஏடு அட்டை போட்டு வந்த அன்று பாய் என்னைக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு பக்கத்தைத் திறந்தார். "இது உன் பக்கம்பா," என்றார். அட்டவணை. நான் எழுதிய பேனா ஃபாரங்களின் கணக்கு. இங்கிலீஷை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார்.

உதவியாளர் தானே நிரப்பியவை, நாற்பத்தொன்று.

அந்த ஆட்களில் மறுபடி கண்டு கேட்க முடிந்தவர்கள், முப்பத்தெட்டு.

உதவியாளர் எழுதிய பதிலையே சொன்னவர்கள், ஒன்பது.